செத்த ஆடும் பிறக்காத கணக்கும்

கேள்வி: மலையில் வாழும் காட்டு ஆடுகளுக்குத் தொற்றுநோய் வந்தால் என்ன ஆகும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கிறார்களாமே? எண்ணுவதற்கே ஆள் போக முடியாத இடத்தில் இது வெறும் ஊகம்தானே? (குன்னூர் வாசகர்)

பதில்: எத்தனை சாகும் என்று கேட்டால் ஊகம்தான். ஆனால் எந்தச் சாவு மந்தையை அழிக்கும் என்று கேட்டால் இந்தக் கணக்கு நன்றாகவே பேசும். அமெரிக்காவில் ஐடஹோ, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களை ஒட்டிய ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் பிக்ஹார்ன் என்ற காட்டுச் செம்மறி உண்டு. 1995-96 குளிர்காலத்தில் நிமோனியா வந்து அங்கே சுமார் 300 ஆடுகள் செத்தன. மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்ற பாக்டீரியாதான் இந்த நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறது என்பது பிற்பாடுதான் தெளிவானது. பட்டியில் வளரும் செம்மறி இதை மூக்கில் வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் ஆகாமல் மேயும். பிக்ஹார்னுக்கு ஒட்டினால், மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் செயலிழந்து, மற்ற கிருமிகளும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

இப்போது ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் நான் சும்மா வைத்தவை. மந்தையில் 50 பெட்டை ஆடுகள், வருடத்துக்குப் பத்தில் ஒன்று சாகிறது, அந்த இடத்தைக் குட்டிகள் வளர்ந்து நிரப்புகின்றன. நோய் வந்து 15 போய்விட்டது, மிச்சம் 35. எல்லோரும் பதறுவது இந்த 15-ஐப் பார்த்துத்தான். ஆனால் பிழைத்த பெட்டைகளில் ஒன்றிரண்டு நோய் தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். கோடையில் தாய்களும் குட்டிகளும் செங்குத்துப் பாறைகளில் ஒன்றாகக் கூடும்போது அது ஒரு குட்டிக்கு வரும், அதிலிருந்து மற்றதற்கு, பிறந்த சில வாரங்களிலேயே ஒவ்வொன்றாக இருமிச் சாகும். ஏழு வருடம் இப்படியே குட்டி தங்காமல் போனால் 35 வெறும் 17 ஆகிவிடும். பெரிய நோய் கொன்றது 15, சத்தமில்லாமல் கரைந்தது 18! சாதாரணத் தொற்றுநோய் மாதிரியில் சின்ன மந்தையில் கிருமி தானாகவே அணைந்துவிட வேண்டும். இங்கே அப்படி நடக்காததால்தான் இந்தச் சுமக்கும் பெட்டைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கை நம்பி யாராவது காரியம் செய்தார்களா என்றால், செய்தார்கள். ஐடஹோவின் பேயெட் தேசிய வனத்தில் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஆடுகள் எவ்வளவு தூரம் அலைகின்றன என்று பார்த்து (கிடாக்கள்தான் அதிகம் ஊர் சுற்றும், வேறென்ன), வளர்ப்பு மந்தை மேயும் இடத்தை எட்ட எவ்வளவு வாய்ப்பு என்று போட்டார்கள். எட்டினால் நோய் ஒட்டுமா என்பது நிச்சயமில்லாததால் அதற்குக் கூடக்குறைய பல மதிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். அதன்மேல் 2010-ல் மேய்ச்சல் நிலத்தைச் சுமார் 70 சதவீதம் குறைத்து முடிவெடுத்தது வனத்துறை. ஆடு வளர்ப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வனத்துறை பக்கமே நின்றது. மேய்ச்சலை நம்பியிருந்தவர்களுக்கு அது லேசான அடி இல்லை. ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன், பட்டி ஆட்டுக்கு வேறு மேய்ச்சல் தேடலாம், பாறையை விட்டு பிக்ஹார்ன் எங்கே போகும்?

கேள்வி: தடுப்பூசி போட்டால் தீர்ந்ததே? (அதே வாசகர்)

பதில்: இந்தக் கிருமிக்குக் காட்டில் கைகொடுக்கிற தடுப்பூசி இல்லை. செல்சுவரே இல்லாத பாக்டீரியா என்பதால் பென்சிலினும் வேலை செய்யாது. சரி, அப்புறம் என்னதான் வழி? ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்ப்பார்கள், பட்டையில் எண் போட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த முறையும் அதே பெட்டையிடம் கிருமி இருந்தால் அதை மந்தையிலிருந்து எடுத்துவிடுவார்கள். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் இப்படிச் செய்தபின் குட்டிகள் நிமோனியாவில் சாவது நின்றது.