விஎம் (மெய்நிகர் கணினி) டிஸ்க்கைப் பெரிதாக்குவது, சுருக்குவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேவிஎம்மில் (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் வசதி) ஓடுகிற உபுண்டு சர்வருக்கு 20 ஜிபி டிஸ்க்கை 40 ஆக்கினேன். டிஸ்க் அளவைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே 40 என்கிறது, ஃபைல் சிஸ்டத்தின் இடத்தைச் சொல்லும் டிஎஃப் பழைய கணக்கையே காட்டுகிறது. ஏன்?

பதில்: பெரிதானது வெளி டிஸ்க் மட்டும்தான். உள்ளே பார்ட்டிஷன், எல்விஎம் (பார்ட்டிஷனைப் பிவியாக எடுத்து, விஜி என்ற தொகுப்பில் சேர்த்து, அதிலிருந்து எல்வி என்ற பகுதிகளைப் பிரிப்பது), ஃபைல் சிஸ்டம் என்று அடுக்குகள் இருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். முதலில் பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் கட்டளை, அதில் டிஸ்க் பெயரையும் பார்ட்டிஷன் எண்ணையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கொடுங்கள். அடுத்து பிவியை நீட்டும் பிவிரீசைஸ். கடைசியில் ஹைஃபன் ஆர் சேர்த்து, எல்வியை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட்; ஃபைல் சிஸ்டமும் கூடவே நீண்டுவிடும். ரீபூட் தேவையில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்பே, விஜியின் காலி இடத்தைக் காட்டும் விஜிஎஸ் அடித்துப் பாருங்கள். உபுண்டு இன்ஸ்டாலர் பல நேரம் விஜியில் பாதி இடத்தைத் தொடாமலே விட்டுவைக்கும்.

கேள்வி: விஎம் ஓடும்போதே, அதன் டிஸ்க்காக இருக்கும் இமேஜ் ஃபைலின் அளவை மாற்ற கியூஎம்யு-இமேஜ் ரீசைஸ் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, இமேஜ் கெட்டுவிடும். ஓடும் விஎம்முக்கு விர்ஷ் பிளாக்ரீசைஸ் கட்டளை இருக்கிறது.

கேள்வி: 200 ஜிபி கொடுத்துவிட்டேன், 80 போதும். உள்ளே எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். எப்படிக் குறைப்பது?

பதில்: குறைக்க முயலாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் வளரும், இந்த அளவுக்குச் சுருங்காது. 80 ஜிபியில் புது டிஸ்க் போட்டு, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கில் நகர்த்துங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் என்றால் முடியும்: அன்மவுண்ட் செய்து, பிழை சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி, முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு எல்வி, பிவி, பார்ட்டிஷன், கடைசியில்தான் இமேஜ். வரிசை மாறினால் டேட்டா போச்சு. இமேஜைச் சுருக்கும் கட்டளை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, வாலை வெட்டிவிடும். அதனால்தான் யார் கேட்டாலும் சிறிதாகக் கொடுத்துத் தேவைக்கேற்ப நீட்டச் சொல்கிறேன்.

கேள்வி: விஎம்முக்குள் 60 ஜிபி லாக் அழித்தேன், ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் கணினி) இருக்கும் கியூகவ்2 இமேஜ் ஃபைல் குறையவில்லையே?

பதில்: அழித்தது ஹோஸ்டுக்குத் தெரியாது. விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்பில் டிஸ்க்கின் டிரைவர் வரியில் டிஸ்கார்டை அன்மேப் என்று வையுங்கள். விஎம்மை முழுசாக நிறுத்தி மறுபடி ஏற்றி, காலி இடத்தை ஹோஸ்டுக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிமை உள்ளே ஓட்டுங்கள். விளைவை, ஃபைல் உண்மையில் பிடிக்கும் இடத்தைக் காட்டும் டியூவில் பாருங்கள். எல்எஸ் ஃபைலின் பெயரளவு நீளத்தைத்தான் காட்டும்.

கேள்வி: 500 ஜிபி தின் பூலில் (எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் எல்விஎம் பூல்) 100 ஜிபி வீதம் பத்து விஎம். பயப்பட வேண்டுமா?

பதில்: கண்காணிப்பு இல்லை என்றால் கட்டாயம். இது கையில் இல்லாத பணத்துக்கு செக் எழுதுவது மாதிரி. பூல் நிரம்பினால் ஒரு விஎம் அல்ல, அதில் எழுத முயலும் அத்தனையும் மாட்டும்: எழுத்து இயல்பாக 60 விநாடி காத்திருக்கும், பிறகு பிழை. எல்விஎம் கான்ஃப் ஃபைலில் ஆட்டோஎக்ஸ்டெண்ட் திரெஷோல்ட் (பூல் எத்தனை சதவீதம் நிரம்பினால் தானாக நீள வேண்டும் என்பது) 100 என்றே வரும். அப்படியென்றால் தானாக நீளாது. அதை 70 ஆக்கி, ஒவ்வொரு முறை நீளும் சதவீதத்தை 20 வையுங்கள். நீளுவதற்கு விஜியில் காலி இடமும் வேண்டும், பூலைக் கண்காணிக்கும் டிஎம்ஈவென்ட்டி ஓடவும் வேண்டும். எல்விஎஸ்ஸில் டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா (எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) சதவீதத்தையும் பாருங்கள். டேட்டா பாதிகூட நிறையாமல் மெட்டாடேட்டா நிரம்பினாலும் பூல் நின்றுவிடும், அதைப் பழுதுபார்ப்பது இன்னும் கடினம்.