சீரியலில் இருந்து சொந்தப் படத்துக்கு: வாசகர் கேள்விகள்

சீரியல்களில் பல ஆண்டுகள் அம்மாவாகவும் மாமியாராகவும் நடித்து, பிறகு சொந்தமாகப் படம் எடுத்த ஒரு நடிகை பதில் சொல்கிறார்.

கேள்வி: நீண்ட நாளாக டெய்லி சீரியலில் நடிக்கிறேன். கையில் ஒரு கதை இருக்கிறது. தயாரிப்பாளரைத் தேடாமல் நானே சின்னதாக எடுக்க ஆசை. 'சீரியல் ஆள்' என்று ஒதுக்குகிறார்கள். சீரியலை விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள் தம்பி. அமெரிக்க நடிகர் ஜான் கசாவெட்டீஸ் டிவியிலும் பிறர் படங்களிலும் நடித்து வாங்கிய சம்பளத்தில்தான் சொந்தப் படங்களை எடுத்தார். 1968-ல் வெளிவந்த 'ஃபேசஸ்' படத்தைப் பெரும்பாலும் தன் வீட்டிலேயே, 16 எம்எம் கேமராவில் எடுத்தார். மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. மாதாமாதம் வரும் சம்பளம் இருந்தால் கதையில் யாரும் கை வைக்க முடியாது. எனக்கு அதுதான் பெரிய சுதந்திரமாக இருந்தது.

ஒப்பந்தத்தை மட்டும் முதலில் எடுத்துப் படியுங்கள். வெளி வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தால் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். சீரியலில் உங்கள் ட்ராக் (உங்கள் பாத்திரத்தின் கதைப்பகுதி) எப்போது மெலியும் என்று டைரக்டரிடம் கேட்டு, அந்த நாட்களில் உங்கள் படத்துக்கு கால்ஷீட் போடுங்கள்.

ஒதுக்குவதைப் பற்றி: ஹாலிவுட் நடிகர் டாமி லீ ஜோன்ஸ் 1970-களில் பகல்நேர சீரியலில் டாக்டராக நடித்தவர். 2005-ல் தானே இயக்கிய படத்துக்காக பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

கேள்வி: என் ஸ்கிரிப்டைப் படித்த தோழி, சீரியல் மாதிரியே இருக்கிறது என்கிறாள். வசனம்தானே என் பலம்?

பதில்: உங்கள் தோழி சொல்வதைக் கேளுங்கள். சீரியல் பிறந்தது ரேடியோவில். 'கைடிங் லைட்' என்ற அமெரிக்க சீரியல் 1937-ல் ரேடியோவில் தொடங்கி, 1952-ல் டிவிக்கு வந்து, 2009 வரை ஓடியது. சோப்பு கம்பெனிகள் விளம்பரம் கொடுத்ததால்தான் ஆங்கிலத்தில் சீரியலுக்கு 'சோப் ஓபரா' என்ற பெயரே வந்தது. ரேடியோ கேட்பவர் வேறு வேலையில் இருப்பார், நடிப்பவர் முகம் அவருக்குத் தெரியாது. அதனால் யார் வந்தார், ஏன் கோபம், அடுத்து என்ன செய்யப்போகிறார் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். டிவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாம் அதிலேயே வளர்ந்தவர்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்தாலே புரிகிற வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை நடித்துப் பாருங்கள். முதலில் பயமாகத்தான் இருக்கும். நம் சீன் முடிவில் ஒவ்வொருவர் முகத்துக்கும் கேமரா போகும், 'கட்' வரும்வரை ரியாக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு நிற்போம் இல்லையா? அதையும் மறக்க வேண்டும். எடிட்டர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு ஷாட் எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

ஆனால் சீரியல் கொடுத்ததைக் குறைத்து நினைக்காதீர்கள். காட்சிகளை முன்பின்னாக எடுத்தாலும் உணர்ச்சியைச் சரியான இடத்தில் பிடிப்பது, நீளமான சீனை ஒரே டேக்கில் முடிப்பது, வெளிச்சம் போவதற்குள் வேலையை முடிப்பது, இதெல்லாம் பணமில்லாத படப்பிடிப்பில் தங்கம். இது தெரியாமல் தவித்த நல்ல இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செல்போனிலேயே எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்-ல்தான் எடுத்தார். 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். ஆனால் ஒலிக்கு செல்போன் மைக்கை நம்பாதீர்கள். கேமராவில் மிச்சமாகும் பணத்தை நல்ல சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்குக் கொடுங்கள். லைவ் சவுண்டில், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்து எடுத்தால் இன்னொரு விஷயம்: அசிஸ்டென்ட் பக்கத்தில் நின்று வசனத்தை ப்ராம்ப்ட் செய்ய (எடுத்துக் கொடுக்க) முடியாது. பின்னால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உதவாது. எல்லோரும் வசனத்தை மனப்பாடம் செய்தே வர வேண்டும். சீரியல் நண்பர்களை நடிக்க அழைப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒத்திகைக்கென்று தனியாக நாட்களும் ஒதுக்குங்கள்.