படித்ததும் மறந்துபோகிறதே!

கேள்வி: நாவல், சிறுகதை, வரலாறு என்று கலந்து படிக்கிறேன். ஒரு மாதம் கழித்து யாராவது கேட்டால், ‘நல்லா இருந்துச்சு’ என்பதற்குமேல் சொல்ல வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முடித்த அன்றே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான்கைந்து வரி எழுதுங்கள். பார்த்து எழுதினால் பின்னட்டை வாசகம்போல் ஆகிவிடும். கதைச்சுருக்கம் வேண்டாம், எங்கே வேகம் பிடித்தது, எங்கே சலித்தது என்று குறியுங்கள். பக்க எண்ணைப் பிறகு புரட்டிப் பார்த்துச் சேருங்கள். எல்லா வகைக்கும் ஒரே அளவுகோல் உதவாது. துப்பறியும் கதையா? முடிவுக்கான தடயம் முன்பே கண்ணில் காட்டப்பட்டதா என்று திரும்பிப் புரட்டுங்கள். இல்லையென்றால் ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்! வரலாற்று நூலென்றால் முதலில் சான்றுப் பட்டியலைப் பாருங்கள். சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் முடித்தால் கதைகள் ஒன்றோடொன்று குழம்பும். நாளுக்கு இரண்டு போதும். நட்சத்திர மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், மூன்று கொடுத்த காரணம் உங்களுக்கே மறந்துவிடும்.