கத்தியே படல, பில்லுல மட்டும் சர்ஜரி: கேஸ் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கோம். படியில இறங்கும்போது கால் பிசகி மனைவிக்கு இடது பாதத்துல சுண்டுவிரல் பக்கத்து எலும்புல லேசா விரிசல். ஆர்த்தோ டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு வாக்கிங் பூட் குடுத்தார், அவ்வளவுதான். இப்ப இன்சூரன்ஸ் பேப்பர்ல சர்ஜரின்னு போட்டு டிடக்டிபிள்ல (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாமளே கட்ட வேண்டிய தொகை) தள்ளி ஆயிரம் டாலருக்கு மேல எங்க தலையில கட்டிட்டாங்க. அப்புறம் ஒரே மாசத்துல செக்கப் போன ரெண்டு தடவைக்கும் தனி பில். மோசடின்னு கேஸ் போடலாமா?

பதில்: வணக்கம் சார். ஆபரேஷனே நடக்காம சர்ஜரின்னு பில் வந்தா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அந்த ஒரு வார்த்தைய புடிச்சுகிட்டு மோசடின்னு லெட்டர் போட்டுடாதீங்க, அந்த இடத்துல உங்க பக்கம் நிக்காது. அங்க டாக்டருங்க செய்யற ஒவ்வொரு வேலைக்கும் சிபிடின்னு ஒரு கோடு (code) நம்பர் இருக்கு, அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் போடற லிஸ்ட் அது, அதுல எலும்ப வெட்டாம இழுத்து நேராக்காம வெறும் பூட்டோ கட்டோ போட்டு ஆற வைக்கறதுக்கும் கோடு உண்டு, உங்க மனைவிக்கு அடிபட்ட மெட்டாடார்சல் எலும்புக்கு அது 28470, அந்த கோடு இருக்கறதே சர்ஜரி பகுதியில, அதனால இன்சூரன்ஸ் சிஸ்டம் அத அப்படியே சர்ஜரின்னு காட்டுது.

நீங்க புடிக்க வேண்டியது அந்த ரெண்டு செக்கப் பில்ல. 28470க்கு 90 நாள் குளோபல் பீரியட்னு ஒண்ணு இருக்கு. மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ் வச்ச கணக்கு அது, தனியார் இன்சூரன்ஸ் நிறைய பேரும் அதையேதான் எடுத்துக்கறாங்க. அந்த ஒரே தொகையில, 90 நாளுக்குள்ள அதே எலும்ப காட்ட அதே டாக்டர்ட்டயோ அதே குரூப்ல இருக்கற இன்னொரு ஆர்த்தோட்டயோ போற வழக்கமான விசிட் எல்லாம் அடங்கிடும். அப்புறமும் 99213 மாதிரி விசிட் கோடு போட்டு தனியா காசு கேட்டா அது ஒரே வேலைக்கு ரெண்டு தடவ வாங்கறது. முழங்கால் வலின்னு சம்பந்தமே இல்லாத ஒண்ண காட்டியிருந்தா மட்டும் மாடிஃபையர் 24னு கோடு பின்னாடி ஒரு குறிப்பு நம்பர் போட்டு தனியா வாங்கலாம். முதல் நாள் விசிட்டுக்கு, அன்னிக்குத்தான் சிகிச்சைய முடிவு பண்ணினாங்கன்னு காட்டற மாடிஃபையர் 57 இருந்தா அது செல்லும், எக்ஸ்ரேவும் பூட்டும் தனி சார்ஜ்தான், அதுல சண்ட போடாதீங்க.

பூட் கோட மட்டும் ஒரு தடவ பாருங்க. காத்து அடிக்கற பூட்டுக்கு எல்4360, எல்4361னு ரெண்டு இருக்கு. பெட்டியில இருந்து எடுத்து ஸ்ட்ராப்ப இழுத்து மாட்டி விட்டாங்கன்னா எல்4361. தெரிஞ்சவங்க உக்காந்து உங்க மனைவி காலுக்குன்னு வளைச்சு வெட்டி சரி பண்ணியிருந்தாத்தான் எல்4360.

இப்ப ஆஸ்பத்திரி ரெக்கார்ட கேளுங்க. ஹிப்பாங்கற மருத்துவ ரெக்கார்ட் சட்டப்படி எழுதிக் கேட்டா 30 நாள்ல தரணும், காரணம் சொல்லி இன்னொரு 30 நாள் எடுத்துக்கலாம். கோடோட சேத்து ஐட்டம் ஐட்டமா பில்லும் கேளுங்க. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல விரிசல்னு இருந்தா நோய் கோடு எஸ்92.355ஏ மாதிரி வரும், விலகாத விரிசல் இடது பாதம்னு அர்த்தம். ரிப்போர்ட்ல வெறும் சுளுக்குன்னு இருந்துச்சுன்னா எஸ்93ல ஆரம்பிக்கற கோடுதான் வரணும், அப்ப 28470 மொத்தமாவே விழுந்துடும், இது உங்களுக்கு பெரிய பாயிண்ட். முதல்ல அர்ஜென்ட் கேர்னு அவசரத்துக்கு போற கிளினிக்குக்கு போனீங்களான்னு எழுதல, போயிருந்து அவங்களும் அதே கோடு போட்டிருந்தா அதையும் கேள்வி கேக்கலாம், தற்காலிகமா கட்டு போட்டு அனுப்பினவங்க முழு சிகிச்சைக்கு பில் போட முடியாது.

பூட் மட்டும்தானே குடுத்தாங்கன்னு வாதாடறதும் வேண்டாம். அந்த எலும்போட அடிப்பக்கம் விரிசல்னா பெரும்பாலும் பூட்டுலயே ஆறிடும், அதுக்கு கொஞ்சம் தள்ளி ஜோன்ஸ் ஃப்ராக்சர்னு வர்ற இடத்துல ரத்த ஓட்டம் கம்மி, ஒட்டாம போயி ஸ்க்ரூ போடற நிலைமை கூட வரலாம், எது எதுன்னு பிரிச்சு முடிவு பண்றதுதான் டாக்டரோட வேலை. பில்லுக்கு பயந்து அடுத்த செக்கப்ப மட்டும் தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

பில்லிங் ஆபீஸ்ல போன்ல பேசினாலும் எழுத்துலயும் குடுங்க, 28470 போட்ட தேதி, ரெண்டு விசிட் தேதி, நடுவுல எத்தன நாள்னு மட்டும் காட்டி கோடிங் ரிவ்யூ, அதாவது கோடு சரியான்னு மறுபடி பாக்கச் சொல்லி கேளுங்க, திட்ட வேண்டாம். கூடவே இன்சூரன்ஸ் அப்பீல். கம்பெனி வழியா வந்த பிளான்னா முடிவு கைக்கு வந்ததுல இருந்து 180 நாள் டைம் இருக்கு, ஆனா அவ்வளவு நாள் இழுக்காதீங்க. நடுவுல கலெக்ஷன் ஏஜென்சில இருந்து லெட்டர் வந்துட்டா 30 நாளுக்குள்ள இந்த கடன ஒத்துக்கலன்னு எழுதி ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க, அவங்க கணக்க சரிபார்த்து காட்டற வரைக்கும் வசூல நிறுத்தித்தான் ஆகணும்.