ஆப்பிள் ஏன் மெழுகு பொம்மை ஆகிறது?

பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் உணவுப் பொருள்களை மாடல் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே. பதில்கள் 4.0-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும், மாடலைப் படமாக்கித் தரும் (ரெண்டர் செய்யும்) அதன் சைக்கிள்ஸ் எஞ்சினுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஆப்பிளின் வடிவம் நன்றாக வந்துவிட்டது. ரெண்டர் செய்தால் பிளாஸ்டிக் போல இருக்கிறது. சப்சர்ஃபேஸை (ஒளி பரப்புக்குள் நுழைந்து சிதறும் அளவு) கூட்டினால் உள்ளே விளக்கு வைத்த மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஆப்பிளின் அளவைப் பாருங்கள். 'என்' விசையை அழுத்தினால் வரும் பலகையில் டைமென்ஷன்ஸ் 8 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். பிளெண்டர் தரும் கனசதுரத்தின் பக்கம் 2 மீட்டர். அதையே செதுக்கி ஆப்பிள் செய்தவர்களிடம் ஆள் உயர ஆப்பிள்தான் இருக்கும். சுருக்கிய பிறகு கன்ட்ரோல்–ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள், சுருக்கிய அளவே அதன் இயல்பான அளவாகிவிடும். இதை விட்டுவிட்டால் கீழே சொல்லும் எந்த எண்ணும் பலிக்காது.

அடுத்து, பரப்பின் நிறம், பளபளப்பு போன்றவற்றை அமைக்கும் பிரின்சிபிள்டு ஷேடரில் சப்சர்ஃபேஸ் பகுதியில் உள்ள ஸ்கேல். வெயிட்டை மட்டும் ஏற்றி இறக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இது தானாக 0.05-இல் நிற்கும், அதாவது 5 செ.மீ. 8 செ.மீ. பழத்துக்குள் சிவப்பு ஒளி 5 செ.மீ. பரவினால் மெழுகுதான் கிடைக்கும். 0.003 முதல் 0.005 வரை வைத்துப் பாருங்கள். ரேடியஸில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு இருக்கும் 1.0, 0.2, 0.1 என்ற விகிதம் சிவப்பை மட்டும் ஆழமாக அனுப்புகிறது. மனிதத் தோலுக்கு அது சரி. ஆப்பிளின் வெளிறிய சதைக்கு 1.0, 0.7, 0.4 போன்ற விகிதம் பொருந்தும். மெஷ் (வடிவத்தை உருவாக்கும் முகங்களின் வலை) எங்கும் திறந்திருக்கக் கூடாது. உள்ளே வேண்டாத முகங்களும் கூடாது. இருந்தால் கறுப்புத் திட்டுகள் விழும்.

பிளாஸ்டிக் தோற்றத்துக்கு இன்னொரு காரணம், தோல் முழுக்க ஒரே பளபளப்பு. ரஃப்னஸுக்கு (சொரசொரப்பு) ஒரே எண்ணைக் கொடுக்காமல், ஒழுங்கற்ற திட்டுகளைத் தரும் நாய்ஸ் டெக்ஸ்சர் வழியாக 0.3-க்கும் 0.45-க்கும் இடையே அலைய விடுங்கள்.

நிறத்துக்கும் நாய்ஸ்தான், ஆனால் அப்படியே போட்டால் மேகத் திட்டுகளாக வரும். ஆப்பிளில் கோடுகள் காம்பிலிருந்து அடி வரை ஓடுகின்றன. அதற்கு ஒரு வழி உண்டு. ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டை (பொருளின் ஆரிஜின் புள்ளியிலிருந்து அளக்கும் இடக்குறிப்பு) எக்ஸ், ஒய், இசட் எனப் பிரியுங்கள். எக்ஸ், ஒய் இரண்டையும் இசட்டுக்குப் பூஜ்யம் வைத்துச் சேர்த்து, நார்மலைஸ் செய்யுங்கள் (நீளத்தை 1 ஆக்குவது). பிறகு பழைய இசட்டை மட்டும் அதன்மேல் கூட்டி நாய்ஸுக்குக் கொடுங்கள். நாய்ஸின் ஸ்கேல் 15. சுற்றுவட்டத்தில் நிறம் அடிக்கடி மாறும், உயரத்தில் மெதுவாக மாறும். எனவே நீளக் கோடுகள் தாமாக வரும், பின்பக்கத்தில் தையலும் தெரியாது. ஆரிஜின் புள்ளி பழத்தின் நடு அச்சில் இருக்க வேண்டும். விலகினால் கோடுகள் ஒரு பக்கமாகச் சாயும்.

கேள்வி: காம்புக் குழியில் நட்சத்திரம் போலச் சுருக்கம் விழுகிறது. ஸ்மூத் செய்தும் போகவில்லை.

பதில்: யூவி ஸ்ஃபியர் என்ற தயார் உருண்டையில் தொடங்கியிருக்கிறீர்கள். அதன் உச்சியில் 32 முக்கோணங்கள் ஒரே புள்ளியில் கூடுகின்றன. முகங்களைப் பிரித்து மென்மையாக்கும் சப்டிவிஷன் அதைக் கிள்ளிவிடுகிறது. கனசதுரத்துக்கு சப்டிவிஷன் 3 கொடுத்து அப்ளை செய்து, எடிட் மோடில் ஷிஃப்ட்–ஆல்ட்–எஸ் அழுத்தி 1 என்று கொடுங்கள், கனசதுரம் உருண்டையாகிவிடும். இப்போது உச்சியில் நான்கு சதுரங்கள் மட்டுமே கூடும். 'ஓ' விசையால் ப்ரொபோர்ஷனல் எடிட்டிங்கை (அருகிலுள்ள புள்ளிகளும் கூடவே நகரும்) இயக்கி, உச்சிப் புள்ளியை 1 செ.மீ. கீழே இழுங்கள். அடிப்பக்கக் குழியைச் சுற்றி ஐந்து மேடுகளை லேசாகத் தூக்கிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே ஆப்பிள் என்று தெரியும்.

கேள்வி: கண்ணாடி டம்ளரில் பழச்சாறு. ஓரம் முழுக்க வெள்ளி பூசியது போல மின்னுகிறது. நிறமும் ஏறவில்லை.

பதில்: சாறுக்கும் டம்ளரின் உட்சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அந்த மெல்லிய இடுக்கில் காற்று இருப்பதாகவே ரெண்டர் கணக்கிடும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குச் சாய்வாக வரும் ஒளி வெளியேறாமல் திரும்பிவிடுவதால்தான் வெள்ளி மினுக்கம். இரண்டு பரப்பையும் சரியாக ஒட்ட வைத்தால் கறுப்புப் புள்ளிகள் வரும். சாறின் மெஷ்ஷை உட்சுவருக்குள் 0.3 மி.மீ. புதையும்படி பெரிதாக்குவதே பாதுகாப்பு. ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) கண்ணாடிக்கு 1.5, சாறுக்கு 1.33. மேல்பரப்பு சுவரைத் தொடும் இடத்தில் 1 முதல் 2 மி.மீ. மேலேறி வளைய வேண்டும். நேர்த்தட்டையாக விட்டால் எவ்வளவு நல்ல மெட்டீரியலும் வீண்.

தெளிந்த சாறாக இருந்தால் பேஸ் கலரை வெள்ளையாக விட்டு, வால்யூமில் ஒளியை உறிஞ்சி நிறம் தரும் அப்சார்ப்ஷன் நோடை இணையுங்கள். அதன் டென்சிட்டி 1 என்பது மீட்டர் கணக்கு, 6 செ.மீ. டம்ளரில் கண்ணுக்கே தெரியாது. 30 முதல் 50 வரை ஏற்றுங்கள். பால், நார் கலந்த சாறு போன்றவற்றுக்கு இந்த வழி வேண்டாம். அவை ஒளியைச் சிதறடிப்பவை. டிரான்ஸ்மிஷனை (ஒளி ஊடுருவல்) அணைத்து, சப்சர்ஃபேஸையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரொட்டித் துண்டின் துளைகளுக்குப் பரப்பை மேடுபள்ளமாக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் நோடை இணைத்தேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. ஏதோ மாற்றியதும் ரொட்டி முள்பந்தாக வெடித்துவிட்டது.

பதில்: முதல் நிலைக்குக் காரணம், மெட்டீரியல் செட்டிங்ஸில் டிஸ்பிளேஸ்மென்ட் என்ற இடம் 'பம்ப் ஒன்லி'யில் இருந்தது. அது நிழலை மட்டும் மாற்றும், விளிம்பை அசைக்காது. 'டிஸ்பிளேஸ்மென்ட் அண்ட் பம்ப்' ஆக்கியதும் வெடித்ததற்குக் காரணம், நோடின் ஸ்கேல் 1, அதாவது ஒரு மீட்டர். 0.002 போதும்.

துளைகளுக்குப் பரப்பை அறைகளாகப் பிரிக்கும் வொரனாய் டெக்ஸ்சர், ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டில். ஸ்கேல் 250 கொடுத்தால் சுமார் 4 மி.மீ. அறைகள், 1000 கொடுத்தால் சுமார் 1 மி.மீ. அறைகள். பெரியவற்றை டிஸ்பிளேஸ்மென்ட்டுக்கும் சிறியவற்றைப் பம்ப்புக்கும் பிரித்துக் கொடுங்கள். 4 மி.மீ. துளை உருவாக மெஷ்ஷில் அரை மி.மீ. கட்டங்கள் வேண்டும், 10 செ.மீ. துண்டின் ஒரு பக்கத்துக்கே அது 40,000 முகங்கள். 1 மி.மீ. துளைகளையும் மெஷ்ஷிலேயே செய்ய முயன்றால் கணினி திணறும், பார்வைக்கு லாபமும் இல்லை. ஒரு நாய்ஸை வைத்து அங்கங்கே துளைகளை அழித்துவிட மறக்காதீர்கள். எல்லா அறையும் குழியாக இருந்தால் குளியல் பஞ்சுதான் நினைவுக்கு வரும்.

கேள்வி: பன் மேல் எள் தூவ ஜியாமெட்ரி நோட்ஸ் (நோடுகளை இணைத்து வடிவத்தை உருவாக்கும் முறை) அமைத்தேன். ஒரு எள்கூட வரவில்லை.

பதில்: பரப்பில் புள்ளிகளைத் தூவும் டிஸ்ட்ரிப்யூட் பாயின்ட்ஸ் நோடின் டென்சிட்டி 10 என்று இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து. பன்னின் மேற்பரப்போ சுமார் 0.01 சதுர மீட்டர். கணக்குப்படி ஒரு எள்கூட விழாது. புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்காமல் தூவும் பாய்சன் டிஸ்க்கைத் தேர்ந்து, டென்சிட்டி மேக்ஸை 20,000 ஆக்கி, குறைந்தபட்ச இடைவெளியை 4 மி.மீ. வையுங்கள். ரொட்டேஷன் வெளியீட்டை, எள்ளின் நகல்களை வைக்கும் இன்ஸ்டன்ஸ் நோடில் இணைத்தால் எள் பரப்போடு படியும். பிறகு ரொட்டேட் இன்ஸ்டன்ஸஸ் நோடில் இசட்டுக்கு மட்டும் 0 முதல் 6.283 வரை (ரேடியனில் ஒரு முழுச்சுற்று) ரேண்டம் மதிப்பு. எள்ளின் எடிட் மோடில் மெஷ்ஷைச் சற்றுக் கீழே இறக்கி, மூன்றில் ஒரு பங்கு ஆரிஜினுக்குக் கீழே இருக்குமாறு வையுங்கள். அப்போதுதான் எள் மாவில் புதைந்து வெந்தது போல இருக்கும்.