வாரக் கந்தை வாரக் கந்தால் அடைக்காதீர்கள்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு பேர் வேலை செய்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் தரும் வெள்ளியில் கூலிக்குச் செய்து கொடுக்கிறோம். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது. ஆள் கூலி போக மாதம் 45 ஆயிரம் நின்றது, இப்போது 32 ஆயிரம்தான். அப்பாவின் மருந்தும் சேர்த்து வீட்டுச் செலவு 28 ஆயிரம். இரண்டு பேரிடம் தலா ஒரு லட்சம் வாரக் கந்து, அதாவது வாரத் தவணையில் அடைக்கும் வட்டிக் கடன், வாங்கியிருக்கிறேன். ஒன்று முடிவதற்குள் அடுத்தது எடுக்க வேண்டியிருக்கிறது. மனைவிக்குத் தெரியாது. அவரிடம் பத்து பவுன் இருக்கிறது, தொட மனமில்லை. தை மாதம் அக்கா மகள் சீருக்கு ஒரு லட்சமாவது வேண்டும். வியாபாரியின் வெள்ளியில் கொஞ்சம் அடகு வைக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நண்பர் வெள்ளி இடிஎஃப்பில் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் ஃபண்டு) பணம் போடச் சொல்கிறார். பட்டறையை மூடிவிடலாமா?

பதில்: மூட வேண்டாம். உங்கள் முழுக் கடிதத்தில் வெள்ளி விலை பற்றி ஒரு பக்கம், கந்து பற்றி இரண்டு வரி. எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டு வரிதான்.

2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி, டிசம்பரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அது உங்கள் கையில் இல்லை. அதில் உங்களுக்கு மாதம் 13 ஆயிரம் குறைந்தது. இப்போது கந்துக் கணக்கு. லட்சத்துக்கு 15 ஆயிரம் பிடித்துக்கொண்டு 85 ஆயிரம் தருகிறார்கள். வாரம் பத்தாயிரமாகப் பத்து வாரம் வாங்குகிறார்கள். நூற்றுக்கு 15 தானே என்று தோன்றும். முதல் வாரத்திலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போவதால், உண்மையில் மாதம் நூற்றுக்கு 13 ரூபாய் வட்டி. இரண்டு கந்துக்கும் ஒரு சுற்றுக்கு 30 ஆயிரம், வருஷத்துக்கு ஐந்து சுற்று, ஆக ஒன்றரை லட்சம். மாதம் 12,500! விலை ஏற்றத்தால் போனதும் வட்டிக்குப் போவதும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

சனிக்கிழமை ஆட்களுக்குத் தர வேண்டிய கூலி தவணைக்குப் போகிறது, கூலிக்கு அடுத்த கந்து. இப்படி இருந்தால் அடுத்த சனிக்கிழமைக்கு அப்பால் எதுவும் கண்ணில் படாது. தொழிலே முடிந்துவிட்டது என்று தோன்றுவது அதனால்தான். வட்டியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: இந்த மோசமான காலத்திலும் உங்கள் பட்டறை வீட்டுச் செலவு போக நாலாயிரம் மிச்சம் தருகிறது.

ஆகவே முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. பிறகு அவர் சம்மதத்தோடு நாலு பவுனை வங்கியில் அடகு வையுங்கள். அடகுக் கடை வேண்டாம். இரண்டு லட்சம் கிடைக்கும். வருஷ வட்டி நூற்றுக்கு 9, 10 ரூபாய், அதாவது மாதம் சுமார் 1,600. இரண்டு கந்தையும் ஒரே நாளில் முடியுங்கள். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கௌரவத்துக்கு வருஷம் ஒன்றரை லட்சம் கொடுக்கிறோம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

வியாபாரியின் வெள்ளி பக்கமே போகாதீர்கள். அது உங்கள் சொத்து இல்லை, வழக்கில் கொண்டுபோய் விடும். ஒரு வியாபாரி வெள்ளி தருவதை நிறுத்தினால் செவ்வாய்ப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

சீர் விஷயம் எனக்கும் புரிகிறது, தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. ஆனால் ஒரு லட்சம் என்பது யார் சொன்ன தொகை? அக்காவிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். பட்டுப் பாவாடை, தட்டு வரிசை, கூடவே நீங்களே உட்கார்ந்து பற்றவைத்து மெருகேற்றிய ஒரு ஜோடி கொலுசு. ஐம்பது கிராம், கிராம் 250 ரூபாய் என்று வைத்தால் 12,500. ஊரிலேயே நல்ல கொலுசு அந்தப் பெண்ணின் காலில் இருக்கும். எல்லாம் சேர்த்து 25 ஆயிரத்தில் முடியும். அதையும் நகைக் கடனிலேயே கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், கந்து வேண்டாம்.

இடிஎஃப்பை மறந்துவிடுங்கள். மாதம் நூற்றுக்கு 13 வட்டி கட்டுகிறவருக்கு அதைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் முதலீடு எதுவும் இல்லை. உங்கள் பிழைப்பே வெள்ளியில் இருக்கும்போது சேமிப்பையும் அதிலேயே போடச் சொல்வது நல்ல யோசனையும் இல்லை.

கணக்கை முடிக்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். புரோநோட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை இரண்டையும் கையோடு திரும்ப வாங்குங்கள். தர மறுத்து மிரட்டினால் தயங்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 2003-ம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.