விழுந்த வேம்பு பெஞ்சு ஆகுமா?

வியாசர்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி: "மழைக்காற்றில் எங்கள் தெருவின் பெரிய வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அதை விறகுக்கு விடாமல் அருகிலுள்ள பள்ளிக்கு பெஞ்சு செய்து கொடுக்கவும், மரம் வளர்க்கவும் பத்துப் பேர் சேர்ந்து அமைப்பு தொடங்க விரும்புகிறோம். எங்கே பதிவு செய்வது?"

பதிவு பிறகு ஆகட்டும்; மரம் காத்திருக்காது. தெருவோர மரம் விழுந்த பிறகும் மாநகராட்சிக்கே உரியது என்பதால், உங்கள் பகுதிக்கான மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி பெறாமல் ஒரு கிளையைக்கூட நகர்த்தாதீர்கள்.

அடுத்த சிக்கல் ஆணி. விளம்பரப் பலகைக்கும் சீரியல் விளக்குக்கும் அடித்த ஆணிகளை மரம் வளர வளர உள்ளே விழுங்கியிருக்கும். ஒன்று பட்டாலும் ரம்பத்தின் பல் போய்விடும் என்பதால் மில்காரர்கள் தெருமரத்தை எடுக்கத் தயங்குவார்கள். அடிமரத்தின் வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாகக் கறை படர்ந்திருந்தால் அந்தப் பக்கம் இரும்பு இருக்கலாம். மெட்டல் டிடெக்டரால் சோதித்து, அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

பெஞ்சுக்கு 2 அங்குலக் கனத்தில் பலகை அறுத்தவுடன் இரு முனைகளிலும் பழைய பெயின்டையாவது பூசிவிடுங்கள். ஈரம் பக்கங்களைவிட முனைகள் வழியாகவே விரைந்து வெளியேறுவதால், பூசாத பலகை முனையிலிருந்து வெடிக்கும். தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், இடையிடையே ஓரங்குலச் சட்டங்களை வைத்து அடுக்குங்கள். அந்தச் சட்டங்கள் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் பலகை கோணிக்கொள்ளும். காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்குக் கைவரவில்லை. ஒரே பலகையை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்; எடை குறைவது நின்றால் தச்சரை அழைக்கலாம். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

வேம்பைப் பூச்சி அரிக்காது என்று நம்பி எல்லாவற்றையும் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பெயர் உள்ளே சிவந்திருக்கும் வைரப்பகுதிக்கே பொருந்தும். வெளிறிய வெளிப்பகுதி உளுத்துப்போகும்.

பலகை காயும் காலத்தில் பதிவை முடித்துவிடலாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். அறக்கட்டளையானால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்துப் பேரும் சமமாக முடிவெடுக்க விரும்பினால் சங்கமே நல்லது என்பது என் கருத்து. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித் துறையில் தனியே பதிய வேண்டும்.

அனுமதிக் கடிதத்திலேயே, மரம் நின்ற குழியையும் மறுநடவுக்குக் கேளுங்கள். தாமதித்தால் அதன்மேல் சிமென்ட் போட்டுவிடுவார்கள்.